ஆட வந்தவனைப் படிக்கவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கல்லூரி முதல்வர்களே, உடற்கல்வி இயக்குநர்களே, துறைத் தலைவர்களே, பல்கலைக்கழகத்தில் ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருக்கும் பெரியோர்களே!

இந்தக் கையேடு உங்களுக்குப் புதிதாக எதையும் சொல்லித் தராது. பல காலமாக நீங்கள் செய்துவருவதைத்தான் வரிசையாக எழுதியிருக்கிறேன். செய்கிற வேலையைச் சுத்தமாகச் செய்தால் என்ன என்கிற அக்கறை, அவ்வளவுதான்.

தேவையான பொருட்கள்:

நன்றாக ஆடத் தெரிந்த பையன் – 1
அவனை நம்பி அனுப்பும் தாய் – 1
வருகைப் பதிவேடு – தேவையான அளவு
பச்சை மைப் பேனா – 1
கோப்பை வைக்கக் கண்ணாடி அலமாரி – முதல்வர் அறையில்

வகுப்பறை தேவையில்லை.

1. பையனைப் பிடியுங்கள்

தரமான சரக்கு வேண்டுமென்றால் வடசென்னைக்கு வாருங்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், காசிமேட்டில் வலை இழுத்தவர்கள், திருவொற்றியூரிலும் மணலியிலும் எண்ணூரிலும் மூன்று ஷிஃப்ட் பார்த்தவர்கள் என்று தலைமுறை தலைமுறையாக உடம்பை வைத்துப் பிழைத்த ஊர். அந்த உடம்பு பிள்ளைகளுக்குச் செலவில்லாமல் வந்திருக்கிறது. குத்துச்சண்டைக்குச் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை சொல்லும் இடம். சார்பட்டாவை வைத்து 2021இல் படம் வந்த பிறகுதான் ஊரின் தென்பாதிக்கு இது தெரிந்தது. புது வண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள் காசிமா 2024இல் அமெரிக்கா போய் உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். சந்துக்குச் சந்து ஆள் இருக்கிறது. நீங்கள் காலையில் கொஞ்சம் சீக்கிரம் எழுந்தால் போதும்.

மைதானத்தில் பையனைப் பார்த்தாயிற்றா? அவனிடம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். நேரே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேசுங்கள். “அம்மா, ஃபீஸ் ஒரு பைசா வேணாம். டிகிரி வாங்கிக் குடுக்க வேண்டியது எங்க பொறுப்பு.”

‘படிக்க வைக்கிறோம்’ என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள். ‘வாங்கிக் கொடுக்கிறோம்.’ இதற்குத் தோதாகத் தமிழில் பட்டத்தையும் வாங்குகிறோம், பரோட்டாவையும் வாங்குகிறோம். மொழியே உங்கள் பக்கம் இருக்கிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

2. பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்

நீங்கள் தேர்ந்தெடுங்கள். அவன் அல்ல.

என்ன பிடிக்கும் என்று கேட்டால் அவன் எதையாவது சொல்லித் தொலைப்பான். கேட்காதீர்கள். எந்தத் துறையில் இடம் காலியாக இருக்கிறது, எந்தத் துறைத் தலைவர் சண்டை போடமாட்டார், எந்தக் கால அட்டவணை மாலைப் பயிற்சியோடு மோதாது. இந்த மூன்றையும் பாருங்கள். காலியிடம் வரலாற்றில் இருந்தால் அவனுக்கு வரலாறு. வணிகவியலில் இருந்தால் வணிகவியல்.

இந்த விஷயத்தில் அமெரிக்கர்கள் நம்மைவிட ஒரு படி மேல். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 2001இல் கூடைப்பந்துப் பயிற்சி பற்றி ஒரு பாடம் இருந்தது. நடத்தியவர் கூடைப்பந்து அணியின் உதவிப் பயிற்சியாளர், தலைமைப் பயிற்சியாளரின் மகன். கடைசித் தேர்வில் 20 கேள்விகள். ஒரு கூடைப்பந்து மைதானத்தில் எத்தனை கூடைகள்? மூன்று புள்ளி ஷாட் ஒன்றுக்கு எத்தனை புள்ளி? வகுப்பில் அத்தனை பேருக்கும் ஏ கிரேடு. கேள்வித்தாள் 2004இல் வெளியே வந்து நாடே சிரித்தது.

நம் பாடத்திட்டத்தில் அவ்வளவு தாராளம் இல்லை என்று வருந்த வேண்டாம். அடுத்தடுத்த படிகள் அதை ஈடுகட்டும்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிகளில் 25 வயது வரை ஆடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்று வருடம் முடிந்ததும் பையனை விட்டுவிடாதீர்கள். ஏதாவது ஓர் எம்.ஏ.வில் சேருங்கள். அது முடிந்தால் டிப்ளமோ. அவன் எதில் சேர்ந்திருக்கிறான் என்று அவனுக்கே தெரியாத நிலை வந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

3. ஓ.டி.

விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும். விளையாடப் போனால் ‘ஆன் டியூட்டி’ உண்டு. நியாயமான சலுகை. அதனால்தான் அதை வளைக்க இவ்வளவு சுலபம். கோயம்புத்தூரில் நாலு நாள் போட்டி என்றால் போக ஒரு நாள், வர ஒரு நாள், முன்னால் முகாம் பத்து நாள், பின்னால் ஓய்வு ஒரு வாரம் என்று போடுங்கள். அப்படியும் குறைந்தால், வருகைக் குறைவை மன்னிக்கும் காண்டனேஷன் கட்டணத்தைக் கட்டச் சொல்லுங்கள். பணத்தை நீங்களே கட்டிவிட்டு அதைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

தப்பித் தவறி வகுப்புக்கு வந்துவிட்டானா? “என்னடா, கிரவுண்டுல வேலை இல்லையா?” என்று சிரித்தபடி கேளுங்கள். கோபம் கூடாது. வகுப்பே சிரித்தால் மறுபடி வரமாட்டான்.

4. அவன் எழுத வேண்டியதை வேறொருவரை எழுத வையுங்கள்

இந்தக் கட்டத்தில் என் சொந்த அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தொழிலில் நானும் ஒரு காலத்தில் கடைநிலை ஊழியனாக இருந்தேன்.

1985. வடசென்னையில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். பி.எஸ்சி. விலங்கியல். என் பெஞ்சில் எனக்குப் பக்கத்து இடம் மூன்று வருடமும் காலியாக இருந்தது. அந்த இடத்துக்குச் சொந்தக்காரன் கால்பந்து அணியின் கோல்கீப்பர். காசிமேட்டுப் பையன். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கூடை வைத்து மீன் விற்கிறவர். விலங்கியலில் ஏன் சேர்ந்தான் என்றால் விலங்கியலில்தான் இடம் இருந்தது.

ஒருநாள் உடற்கல்வி இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, உன் கையெழுத்து முத்துமுத்தா இருக்காமே. அவனுக்கும் ஒரு ரெக்கார்டு போட்டுடு. காலேஜுக்காகச் செய்யிறதா நெனச்சுக்கோ.” நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். அதோடு ரெக்கார்டுக்கு ஒரு பரோட்டா செட்டும் சால்னாவும் கிடைத்தன. கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளை எனக்கு ஒரு தடவை, அவனுக்கு ஒரு தடவை வரைந்தேன். இரண்டும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது என்று அவனுடையதில் ஒரு தாடையைக் கொஞ்சம் கோணலாகப் போட்டேன். ஆசிரியர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். கோணலைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் ப்ராக்டிகலுக்குச் சுறா வந்தது. பால் சுறா. ஆய்வக உதவியாளர் விடியற்காலையில் சைக்கிளை மிதித்துக் காசிமேட்டுக்குப் போய் வாங்கி வந்தது. ஆளுக்கொன்று. செவுளுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களை அறுபடாமல் பிரித்துக் காட்ட வேண்டும். எனக்குக் கை நடுங்கியது. மூன்றாவது குழாயை அறுத்துவிட்டேன். ஆய்வகம் முழுக்கக் கவிச்சி. வகுப்பில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

அந்த நேரத்தில் கோல்கீப்பர் மைதானத்தில் பந்தின் மேல் விழுந்து எழுந்துகொண்டிருந்தான்.

சாயங்காலம் பரோட்டாக் கடையில் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சாப்பிடுவதை நிறுத்தினான். “இன்னாபா, சுறாவா அறுத்தீங்க? என்னைக் கூப்ட்டிருந்தா அறுத்துக் காட்டியிருப்பேனே. எட்டு வயசுலேர்ந்து அம்மாவுக்கு அறுத்துக் குடுக்குறேன்.” பிறகு விரலால் மேஜைமேல் வரைந்து காட்டினான். கத்தி எங்கே இறங்க வேண்டும், ஈரல் எங்கே இருக்கும், எந்த இடத்தில் கை வைத்தால் இரத்தம் கொட்டும் என்று. “பால் சுறா முட்டை போடாது, தெரியும்ல? குட்டி வயித்துக்குள்ளயே தொப்புள்கொடியோட இருக்கும்.”

எனக்குத் தெரியும். முந்தின வாரம் புத்தகத்தில் படித்து, அவனுடைய ரெக்கார்டில் அவன் பெயருக்குக் கீழே நான்தான் அதை எழுதியிருந்தேன்.

இதிலிருந்து உடற்கல்வி இயக்குநர்கள் பாடம் கற்றுக்கொள்ளுங்கள். பையனை ஆய்வகத்துக்கு ஒரு நாளும் அனுப்பிவிடாதீர்கள். ஒரே ஒரு சுறா போதும், படிப்பு வந்துவிடும். பிறகு பயிற்சிக்குத் தாமதமாக வருவான்.

நான் ஒருவனுக்கு எழுதினேன். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் அலுவலக மேலாளர் கூடைப்பந்து வீரர்களுக்காக 400க்கும் மேற்பட்ட கட்டுரைகளும் வீட்டுப்பாடங்களும் எழுதிக் கொடுத்திருந்தார். 1999இல் அவரே பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். எழுத ஆள் தேடும்போது இதைக் கவனியுங்கள். மனசாட்சி இல்லாத ஆளாகப் பாருங்கள். பரோட்டாவுக்கு மடங்குகிறவன் உத்தமம்.

5. அகமதிப்பீட்டை அள்ளிக் கொடுங்கள், அரியரைப் பற்றிப் பேசாதீர்கள்

இளங்கலையில் அகமதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. முதல் 25 உங்கள் கையில். 23 போடுங்கள். 25 போட்டால் சந்தேகம் வரும், 20 போட்டால் பயிற்சியாளர் வருவார்.

மீதி 75தான் சங்கடம். அதில் அவன் வாங்கியது 9, 14, 6 என்று வரும். வந்தால் என்ன? அடுத்த மாதம் மண்டலப் போட்டி. “அரியர்தானே, பார்த்துக்கலாம்” என்று தோளில் தட்டுங்கள். ஆறாவது செமஸ்டர் வரைக்கும் இந்த ஒரே வாக்கியம் தாங்கும். ஏழாவது செமஸ்டர் என்று ஒன்று கிடையாது, கவலையும் இல்லை.

பேராசிரியர் எவராவது அவனைத் தனியே உட்கார வைத்துச் சொல்லித் தருகிறேன் என்று கிளம்பினால் அவருக்குத் தேர்வு மேற்பார்வை, சேர்க்கைக் குழு, என்.எஸ்.எஸ். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிடுங்கள்.

6. விடைத்தாள்

தேர்ச்சி பெற்றவர்களுக்கு மட்டும். புதியவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகவும்.

முன்னோடி திருவனந்தபுரம். 2019 ஜூலையில் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஒரு மாணவர் கத்தியால் குத்தப்பட்டார். குற்றம் சாட்டப்பட்ட மாணவர் சங்கப் பிரமுகரின் வீட்டில் போலீஸ் சோதனை போட்டது. கத்தியைத் தேடிப் போனவர்களுக்குக் கேரளப் பல்கலைக்கழகத்தின் எழுதப்படாத விடைத்தாள்கள் கட்டாகக் கிடைத்தன. கூடவே பல்கலைக்கழக உடற்கல்வி இயக்குநரின் பெயரில் ஒரு முத்திரை. போலி.

அதே ஆள் கேரள அரசுப் பணித் தேர்வாணையத்தின் போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வில் முதல் ரேங்க். எழுத்துத் தேர்வில் 78.33, விளையாட்டுக்கான கூடுதல் மதிப்பெண் 13.58. தேர்வாணையம் விசாரித்தபோது, தேர்வு நடந்த நேரத்தில் அவருடைய எண்ணுக்கு 96 குறுஞ்செய்திகள் வந்திருந்தது தெரிந்தது. பட்டியலிலிருந்து பெயரை நீக்கினார்கள்.

என்ன நேர்த்தி பாருங்கள். படிப்புக்கு விடைத்தாள், விளையாட்டுக்கு முத்திரை, வேலைக்குக் குறுஞ்செய்தி. மூன்றையும் ஒரே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இதில் நாம் கேட்கக்கூடாத கேள்வி ஒன்றுதான்: பல்கலைக்கழகத்தின் விடைத்தாள் கட்டு வீட்டுக்கு எப்படி நடந்து போனது?

நம் ஊரும் லேசுப்பட்டதல்ல. 2017 ஏப்ரல்-மே அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுகளுக்குப் பிறகு 3,02,380 பேர் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தார்கள். 73,733 பேர் தேறினார்கள். ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு மதிப்பெண் போட்டார்கள் என்று 2018இல் லஞ்ச ஒழிப்புத் துறை, தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவர் உட்பட 10 பேர்மீது வழக்குப் பதிந்தது. அதில் விளையாட்டு வீரர்கள் எத்தனை பேர் என்று யாரும் தனியாக எண்ணவில்லை. பத்தாயிரம் ரூபாய் வைத்திருக்கிற பையனுக்கு விளையாட்டு எதற்கு?

7. சான்றிதழ்

பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம். எம்.பி.பி.எஸ்.ஸில் 7. தமிழக அரசு வேலையில் 3 சதவீதம். ஒரு தாளுக்கு இவ்வளவு மதிப்பு என்றால் ஆடாதவனுக்கும் அந்தத் தாள்மேல் ஆசை வருவது இயற்கை. வரவேற்று உட்கார வையுங்கள்.

உலகத் தரம் வேண்டுமென்றால் கலிஃபோர்னியாவில் ரிக் சிங்கர் என்பவர் நடத்திய தொழிலைப் பாருங்கள். 2019 மார்ச்சில் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தபோது பணக்காரப் பெற்றோர், பயிற்சியாளர்கள் என்று 50 பேர் அதில் இருந்தார்கள். பிள்ளைக்குத் துடுப்புப் போடத் தெரியாது, பாய்மரம் கட்டத் தெரியாது. உடற்பயிற்சி இயந்திரத்தின் மேல் உட்கார வைத்துத் துடுப்புப் போடுவதுபோல் படம் எடுத்தார்கள். வேறொரு வீரனின் உடம்பில் மகனின் தலையை ஒட்டினார்கள். பயிற்சியாளர் பணம் வாங்கிக்கொண்டு ‘நம் அணிக்கு வேண்டியவர்’ என்று எழுதினார். இடம் கிடைத்தது. சிங்கருக்கு மூன்றரை வருடச் சிறை.

படகு ஓட்டத் தெரிந்தால் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் தருவார்கள் என்று காசிமேட்டுக் குப்பத்தில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். கூட்டம் தாங்காது.

உண்மையிலேயே ஆடுகிறவர்களுக்கு இதில் பிரச்சினை வேறு மாதிரி வரும். கிரிக்கெட் வீராங்கனை ஹர்மன்பிரீத் கவுர் 2017 உலகக்கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவை அடித்துத் துவைத்தவர். பஞ்சாப் அரசு 2018 மார்ச்சில் அவரை டி.எஸ்.பி. ஆக்கியது. கொடுத்திருந்த பி.ஏ. பட்டத்தைச் சரிபார்க்க மீரட்டிலுள்ள சவுத்ரி சரண் சிங் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்கள். எங்கள் பதிவேட்டில் அப்படி யாரும் இல்லை என்று பதில் வந்தது. ஜூலையில் டி.எஸ்.பி. போயிற்று. பிளஸ் டூ தகுதிக்குக் கான்ஸ்டபிள் வேலைதான் தர முடியும் என்றார்கள். அந்தத் தாளைத் தயாரித்தது யார், அப்படி இன்னும் எத்தனை தாள் புழங்குகிறது என்பது தலைப்புச் செய்தி ஆகவில்லை. செய்தியில் இருந்தது அவருடைய படம். இது அடுத்த படிக்கு நல்ல முன்மாதிரி.

8. மாட்டிக்கொண்டால்

பதற்றம் வேண்டாம். ஒரு குழு போடுங்கள்.

மூன்று பேர் குழு. ஒருவர் ஓய்வுபெற்றவராக இருக்கட்டும். ஓய்வுபெற்றவர்களுக்கு அவசரம் கிடையாது. அறிக்கை வந்ததும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று சொல்லுங்கள். பத்திரிகைக்காரர்களிடம் பேசும்போது ‘பல்கலைக்கழகம்’ என்ற சொல்லைத் தவிருங்கள். ‘சில தனிநபர்கள்’ போதும். சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வியில், சேரவே சேராத 117 பேர் 2020 டிசம்பர் ஆன்லைன் தேர்வை எழுதிப் பட்டம் வாங்கப் பார்த்த விவகாரம் வெளியே வந்தபோதும் விசாரணைதான் முதலில் வந்தது. 2024இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் 353 பேராசிரியர்கள் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் வேலை பார்ப்பதாக ஆவணத்தில் இருக்கிறது என்று பட்டியல் போட்டது. மொத்தம் 224 கல்லூரிகள். அங்கேயும் குழு. ஆசிரியரே பல இடத்தில் இருக்கும்போது மாணவன் ஓரிடத்திலும் இல்லாததை யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் இந்தப் படியில் மகாகுரு வட கரோலினா பல்கலைக்கழகம், சாப்பல் ஹில். 1993 முதல் 2011 வரை பதினெட்டு வருடம் அங்கே ஒரு துறையில் நடக்காத வகுப்புகள் நடந்தன. ஆசிரியர் கிடையாது. செமஸ்டர் கடைசியில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். அதைத் திருத்தி மதிப்பெண் போட்டவர் பேராசிரியர் அல்ல, துறை அலுவலகத்தில் இருந்த டெபோரா க்ரௌடர் என்ற பெண்மணி. முழுக்கப் படிக்காமலே ஏ, பி என்று தாராளமாகப் போட்டார். கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கு உதவுகிறோம் என்று மனதார நம்பினார். 3,100 மாணவர்கள் இந்த வகுப்புகளில் பெயர் கொடுத்திருந்தார்கள். சேர்க்கையில் ஏறக்குறைய பாதி விளையாட்டு வீரர்களுடையது. 2009இல் அவர் ஓய்வு பெறப் போகிறார் என்றதும், அமெரிக்கக் கால்பந்து அணியின் கல்வி ஆலோசகர்கள் ‘அதற்குள் கட்டுரைகளைக் கொடுத்துவிடுங்கள்’ என்று பறந்தார்கள். அவர் போனபின் அணியின் சராசரி மதிப்பெண் சரிந்தது. ஒரு குமாஸ்தாவின் ஓய்வு ஓர் அணியின் அறிவை இப்படிக் குறைத்ததாக வேறு எங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

மேரி வில்லிங்ஹாம் என்ற ஆசிரியர் இந்த வீரர்களில் பலருக்குச் சரியாக வாசிக்கவே வராது என்று வெளியே சொன்னார். அவருடைய ஆய்வு தவறு என்றது பல்கலைக்கழகம். அவர் வேலையை விட்டுப் போனார்.

இனிதான் கவனிக்க வேண்டிய இடம். கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு மூன்றரை வருடம் விசாரித்து 2017 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. பல்கலைக்கழகத்தின்மேல் நடவடிக்கை இல்லை. காரணம், அந்தப் போலி வகுப்புகள் வீரர்களுக்கு மட்டும் கொடுக்கப்படவில்லை, எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன. ஆகவே விளையாட்டு விதியை மீறவில்லை.

இதை நின்று நிதானமாக ருசியுங்கள். ஏமாற்று ஒருவனுக்கு என்றால் குற்றம், ஊருக்கே என்றால் பாடத்திட்டம். கோல்கீப்பருக்கு மட்டும் ரெக்கார்டு எழுதியது என் தவறு. வகுப்பு முழுவதற்கும் எழுதியிருக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டிய உதாரணம் ஒன்றும் உண்டு. ஹங்கேரியின் பால் ஷ்மிட், வாள்வீச்சில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவர். ஒலிம்பிக் வரலாற்றைப் பற்றி 1992இல் முனைவர் பட்ட ஆய்வேடு கொடுத்தார். பெரும்பகுதி ஒரு பல்கேரியருடையது என்று இருபது வருடம் கழித்துத் தெரிந்தது. 2012 மார்ச்சில் புடாபெஸ்டின் செம்மல்வைஸ் பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறித்தது. நாலு நாளில் அவர் பதவி விலகினார். பதவி, நாட்டின் குடியரசுத் தலைவர். விசாரித்த குழு, அன்றைக்கு ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டவர்கள் அதைக் கண்டுபிடிக்காதது பல்கலைக்கழகத்தின் தவறு என்றும் எழுதி வைத்தது. இந்த மாதிரிக் குழுவை எந்தக் காரணம் கொண்டும் அமைத்துவிடாதீர்கள்.

கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ குழு வரும்போது பயப்பட வேண்டாம். அவர்கள் படிவத்தில் மாணவர்கள் வென்ற பதக்கங்களை எண்ணுகிறார்கள். பதக்கம் வாங்கியவன் பாடத்தில் என்ன ஆனான் என்று அவனைக் கூப்பிட்டுக் கேட்கமாட்டார்கள். தவிர, 2025 பிப்ரவரியில் குண்டூர் பக்கம் ஆய்வுக்குப் போன ‘நாக்’ குழுவினரையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது. அவர்களும் மனிதர்கள்தான்.

9. அனுப்பி வையுங்கள்

வாசலில் பேனர் வையுங்கள். நடுவில் தாளாளர், பக்கத்தில் முதல்வர், கீழே ஓரத்தில் தபால்தலை அளவுக்குப் பையன். கோப்பையை அலமாரியில் பூட்டுங்கள். சேர்க்கையின்போது வாங்கிய அசல் சான்றிதழ்களை அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவன் திரும்ப வந்து கேட்கும்போது எழுத்தர் மாறியிருப்பார், பீரோவும் மாறியிருக்கும்.

முட்டி உடைந்தால் இன்னும் சுலபம். பேனர்கூடத் தேவையில்லை.

எங்கள் கோல்கீப்பருக்கு 1988இல் ஏழு பேப்பர் அரியர். அதற்குமுன் மூன்று வருடம் கோப்பை, ஒரு தடவை பல்கலைக்கழக அணி, வலது தோள்பட்டை இறங்கியது. அரியரை எழுதவேயில்லை. கொஞ்ச நாள் கடலுக்குப் போனான். பிறகு துறைமுகத்தில் கான்ட்ராக்டில் லோடிங், தோள் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குக் கிளீனர். நலிந்த நிலையில் இருக்கும் முன்னாள் வீரர்களுக்கு 58 வயதுக்குமேல் தமிழக அரசு மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது. கேட்டுப் பார்க்கலாம் என்றேன். சான்றிதழ் காலேஜில்தான் இருக்கிறது என்றான்.

போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தான். கையில் ஒரு படிவம். திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் செக்யூரிட்டி வேலை, இரவு ஷிஃப்ட். “நீதான எழுதுவ” என்று நீட்டினான். பெயர், அப்பா பெயர், விலாசம் எழுதினேன். கல்வித் தகுதி என்ற இடத்தில் பேனா நின்றது.

“பி.எஸ்சி. விலங்கியல்னு போடட்டுமா?”

“வேணாம்பா. அது நீ படிச்சது.”

பத்தாம் வகுப்பு என்று எழுதிக் கொடுத்தேன்.